எழுதாமல் விட்ட ஊடு

வைகாசி பிறந்தால் கொல்லிமலையில் பழுத்த பலாவின் வாசம் அடுப்படி, துணிமணி, தலைமயிர் என்று ஒன்று விடாமல் ஏறிக்கொள்ளும். அப்படியொரு வாசம் பிடித்த காலையில்தான், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நாலு பேர் தூக்கிவந்த "டோலி"யில் ஒரு வெள்ளைக்காரத் "துரைசானி" மலைமேலுள்ள எங்கள் குண்டூர் நாட்டில் வந்து இறங்கினாள். வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போக இன்னும் சில வருஷங்கள் இருந்தன. எனக்கு எட்டு வயது. எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்டதற்கு, கூட வந்த பட்லர், "மலை அழகா இருக்குதுன்னு பார்க்க வந்திருக்காங்க" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கன்றுக்குட்டி அழகாக இருக்கும், கல்யாணப் பெண் அழகாக இருப்பாள், முட்டி தேய ஏறி இறங்குகிற மேட்டில் என்ன அழகு? அழகு வேண்டுமானால் சந்தை நாளில் காளப்பநாயக்கன்பட்டி வளையல் கடையில் போய் நிற்க வேண்டியதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

துரைசானி பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைமேல் பலகையை நிறுத்தி, தூரிகையும் வர்ணமுமாக எங்கள் சரிவைப் பார்த்துப் படம் எழுத உட்கார்ந்தாள். சரிவில் இருந்தது ஒரே வீடு, எங்களுடையது. "உங்க ஊட்டைத்தான் எழுதறாங்க" என்று ஊரே சொல்லிவிட்டது.

இந்த "எழுதறது" எங்கள் பக்கம் லேசான சொல் அல்ல. இரண்டு வருஷம் முன்னால் அளவுக்காரர்கள் வந்து சங்கிலி இழுத்துக் காகிதத்தில் என்னவோ எழுதிக்கொண்டு போனார்கள்; அதில் பெரியப்பாவின் சாமைக் காட்டை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்; மறு வருஷம் அது சர்க்காரின் "ரிசர்வ்" காடாகி, தான் விதைத்த மண்ணிலேயே கால் வைக்க முடியாமல் நின்றார் அவர். எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை, எங்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கோ பட்டாவும் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. ஆகவே துரைசானியே உட்கார்ந்து எழுதுகிறாள் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் உட்கார்ந்து எழுதிய ஐந்து நாளும் விடிந்தவுடன் செம்மண் குழைத்துச் சுவரை மெழுகினாள். கூரையில் கலைந்த புல்லைச் செருகினாள். என்னை வாரிச் சீவி வாசலில் நிறுத்தி, "அசையாத கண்ணு, எழுதறாங்க" என்றாள். கொசுக்கடியோடு நின்றேன்.

ஆறாம் நாள் அவர்கள் மூட்டை கட்டுவதாகக் கேள்விப்பட்டதும், மெழுகிக்கொண்டிருந்த கையோடு அம்மா என்னை இழுத்துக்கொண்டு பள்ளம் தாண்டி ஓடினாள். அப்பா பின்னாலேயே வந்தார். துரைசானி சிரித்தபடி படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

எல்லாம் இருந்தது. மலையுச்சியில் "மஞ்சு" படிந்திருந்தது, படிப்படியாக வயல் இறங்கியது, எங்கள் சிவப்பு மாடு கூட மேய்ந்துகொண்டிருந்தது. வீட்டைக் காணோம். வீடு இருந்த இடத்தில் பச்சைப்பசேலென்று மரங்கள். ஐந்து நாள் நின்ற நானும் இல்லை. சட்டென்று திரும்பி, எதிர்ச் சரிவில் வீடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஏனுங்க, எங்க ஊட்டைக் காணமுங்களே?" என்றாள் அம்மா பட்லரிடம்.

அவர் இங்கிலீஷில் கேட்டுவிட்டு, "கூரை ஊடு வந்தா காட்சி கெட்டுப்போயிருமாம். அதான் உட்டுட்டாங்களாம்" என்றார்.

"உட்டுட்டாங்களா?" அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. "எழுதச் சொல்லுங்க சாமி. மாட்டைக்கூட எழுதியிருக்காங்க. ஊடு இல்லாட்டி நாங்க எங்க போவமுங்க?"

பட்லர் எடுத்துச் சொன்னதும் துரைசானி மாட்டேனென்று தலையாட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் அம்மா, செம்மண் ஈரம் காயாத தன் கட்டைவிரலை, வீடு இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்திவிட்டாள்.

"ஐயோ சாமி!" என்று அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். டோலிக்காரர்கள் உறைந்துபோனார்கள். துரைசானி கத்தவில்லை. அந்தச் சிவப்பு ரேகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தூரிகையை எடுத்து, நிதானமாக, அதன்மேல் பச்சை தடவினாள். அம்மாவின் கைநாட்டு ஒரு புதராகிவிட்டது. அதற்கு அவள் எங்களை அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மா மட்டும் வழியெல்லாம், "புதருக்குள்ளார ஊடு இருக்குதல்ல கண்ணு, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா அந்த வருஷம் முழுக்கக் காக்கிச் சட்டையைக் கண்டாலே மிளகுக் கொடிகளுக்குள் மறைந்துகொண்டார். யாரும் வரவில்லை.

அந்த வீட்டை எந்தத் துரையும் பிடுங்கவில்லை. அம்மா போன பிறகு, ரோட்டோரம் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு, நாங்களே அதைப் பிரித்துப்போட்டோம். டோலியும் இல்லை, துரைசானிகளும் இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மலைமேல் கொண்டுவந்து விட்டுவிடுகிறான். போன மாதம் என் மகன் புதுக் கேமரா வாங்கியிருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு அதே பாறைக்குப் போனேன். சரிவில் இப்போது வேறு யாரோ தகரக் கூரை போட்டுக் குடியிருக்கிறார்கள். வாசலில் ஓர் இளம்பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகன் கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"அந்தத் தகர ஊடு விழாம எடு கண்ணு, நல்லாருக்கும்."

சொன்னது நான். என் காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் நாலடி தள்ளி நின்று எடுக்க ஆரம்பித்துவிட்டான். எதிரே அந்தப் பெண், தன்னைத்தான் எடுக்கிறோம் என்று நினைத்து, உள்ளே ஓடித் தன் குழந்தையைத் தூக்கிவந்து இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.