பால் ஓடிப்போன வியாழக்கிழமை

'ரன்' என்ற ஒரே சொல்லோடு சிபில் ஹெப்வொர்த் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தினாள். ஓடுவது மட்டுமா அந்தச் சொல்? மூக்கு ஒழுகினாலும் அதுதான், கடை நடத்தினாலும் அதுதான், தேர்தலில் நின்றாலும் அதுதான். சாயம் போனாலும் காலுறையில் இழை விட்டாலும் அதுவேதான். அகராதி அலுவலக மாடியில் அதற்கு மட்டும் அறுபது பெட்டிச் சீட்டுகள். ஊர் ஊராக வாசகர்கள் புத்தகத்தில் கண்ட வாக்கியத்தை எழுதி, நூலையும் ஆண்டையும் குறித்து அனுப்பியவை.

1974 மே மாதம். வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குக் கடைசி மெய்ப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். வியாழன் காலை, தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நோரா வந்தாள்.

"டீ லேட்டாகும் கண்ணு. பால் ஓடிப்போச்சு."

சிபிலின் பேனா நின்றது. பால் திரிந்தால் அதே 'ரன்'னைப் போட்டு 'ஓடிவிட்டது' என்பது வடக்கே யார்க்‌ஷயர் பக்கத்துப் பேச்சு. நோராவும் அந்தப் பக்கம்தான். சிபிலின் அம்மா வாரம் நாலு தடவை சொல்வாள். ஆனால் மெய்ப்பில் அந்தப் பொருளுக்கு முன்னால் சின்னதாய் ஒரு சிலுவைக்குறி. செத்துப்போன வழக்கு என்று அர்த்தம். போட்டவள் சிபிலேதான். அந்தப் பொருளுக்கு அவளிடம் இருந்த கடைசிச் சீட்டின் ஆண்டு 1868. தன் காதில் விழுந்ததைச் சான்றாக வைக்க அகராதிக்காரர்களுக்கு உரிமை கிடையாது.

தலைமை ஆசிரியர் லாங்ஸ்டாஃபிடம் போனாள்.

"நோரா சொன்னா அது பேச்சு, மிஸ் ஹெப்வொர்த். இந்த நூற்றாண்டுல அச்சுல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, குறியை எடுத்துடலாம்."

"எங்கம்மா சாகற வரைக்கும் சொன்னாங்க சார்."

"உங்கம்மா புத்தகம் போட்டாங்களா என்ன?"

கேலிதான். ஆனால் சிபில் வாசலிலேயே நின்றுவிட்டாள். போட்டிருந்தாளே! அம்மாவின் ஊர்ச் சிற்றாலயத்துப் பெண்கள் சேர்ந்து ஆலயக் கூரைச் செலவுக்காக ஒரு சமையல் புத்தகம் அடித்தார்கள். ரோஸ் நிறத் தாள். திரிந்த பாலில் செய்யும் டார்ட் என்ற இனிப்பு அம்மாவின் பங்கு. விற்காத பிரதிகளைப் போர்க்காலத்தில், அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், காகிதப் பஞ்சத்துக்கு என்று சிபிலே மூட்டையாகக் கொண்டுவந்து, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் சீட்டுகளாக நறுக்கினாள். அச்சடித்த பக்கத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

"நோரா, வண்டியை ஓரங்கட்டு. ரோஸ் சீட்டு எது கண்ணுல பட்டாலும் திருப்பிப் பாரு. எங்கம்மா எழுதின சமையல் புத்தகத்தை நறுக்கினது."

"பெத்தவ புத்தகத்தையா நறுக்கின? நல்ல பொண்ணும்மா நீ!"

நாள் முழுக்கத் திருப்பினார்கள். முட்டை ஊறுகாய், இஞ்சி கேக், திருமதி பாட்டம்லியின் ஈரல் வறுவல். மறுநாள் பத்தரைக்கு நோரா கூவினாள்: "இந்தா, ஹெப்வொர்த்துன்னு போட்டிருக்கு!"

'பால் ஓடிவிட்டால் கொட்டாதீர்கள்' என்று ஆரம்பித்தது. அம்மா வாசற்படியில் நின்று அதட்டுவதுபோலவே இருந்தது.

சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நூல் பெயரும் ஆண்டும் இல்லாத சீட்டு வெறும் காகிதம். அட்டை எங்கே? சிபில் யோசித்தாள். அட்டை தடித்தது, சீட்டுக்கு ஆகாது. கட்டுகளுக்கு நடுவே தடுப்பாக அல்லவா செருகியிருப்பாள்? தடுப்புகளை உருவிக்கொண்டே போனார்கள். நாற்பத்து மூன்றாம் பெட்டியில் பாதி அட்டை அகப்பட்டது. சிற்றாலயத்தின் பெயர், கீழே 1937.

லாங்ஸ்டாஃப் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார். அச்செழுத்து ஒன்று, ரோஸ் நிறமும் ஒன்று.

"பக்க எண்?"

"நறுக்கினதுல போயிடுச்சு சார்."

கீழே அச்சகத்து ஆள் மணியை அடித்தான். அவர் சிவப்புப் பேனாவால் சிலுவையை அடித்துவிட்டு, ஓரத்தில் சான்றை எழுதச் சொல்லி மெய்ப்பை அவளிடமே நீட்டினார். சிபில் ஆண்டை எழுதி, நூலை எழுதி, அம்மாவின் வாக்கியத்தை எழுதினாள்.

மெய்ப்பு போனபிறகு சீட்டை மீண்டும் எடுத்தாள். வெண்ணெய், முட்டை, உலர்திராட்சை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். 'மிதமான அடுப்பில் வைத்து' என்பதோடு தாள் முடிந்தது.

"நோரா, எவ்வளவு நேரம் வைக்கணும்?"

"எங்க வீட்டுல அரை மணி. உங்கம்மா எவ்வளவு வெச்சாளோ, யாருக்குத் தெரியும்?"