காந்தத்தைச் சுரண்டாமல் கொடுத்த ரிப்போர்ட்

சின்ன காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஜரிகை டெஸ்டிங் கடையில் ஓர் எக்ஸ்ஆர்எஃப் மிஷின் இருக்கிறது. ஜரிகை மேல் எக்ஸ்-ரே பட்டுத் திரும்பும் ஸ்பெக்ட்ரத்தில் வெள்ளி, செம்பு, தங்கம் தனித்தனி முகடாக எழும். ஒருநாள் மல்லிகா அக்கா புடவையோடு வந்தார். வாலாஜாபாத்தில் இ-ஆட்டோ மோட்டார் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் பர்ச்சேஸ் பார்ப்பவர். அவர் பையிலிருந்த காந்தம் மிஷின் மூடியில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் தோன்றியது: ஜரிகைக்குச் சொல்லும் மிஷின் காந்தத்துக்குச் சொல்லாதா?

முதலாளி சிரித்தார். "நாளைக்கு இட்லிய வெச்சி உளுந்து எவ்ளோன்னு பாப்பியாபா?"

அக்கா சிரிக்கவில்லை. அவர் வாங்கிய நியோடிமியம் காந்தங்கள் மோட்டார் சூட்டில் பலம் இழந்திருந்தன. சூடு தாங்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் என்ற உலோகம் இல்லாத மட்ட சரக்கை வாங்கிவிட்டார் என்று அவர் ஓனர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்துதான்பா வாங்குனேன். இருக்குதுன்னு ஒரு பேப்பர் குடு, போதும்."

எங்கள் கடைக்கு ஒரே விதி: வந்த பொருளில் கீறல் விழக் கூடாது. புடவையைப் போலவே காந்தத்தையும் பூப்போல வைத்து எடுத்தேன். நிக்கல் வந்தது, செம்பு வந்தது, கொஞ்சம் இரும்பும் வந்தது. 'டிஸ்ப்ரோசியம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்தே அக்காவை வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து, அவர் விட்டுப்போன இன்னொரு காந்தம் கை தவறி விழுந்து முனை உடைந்தது. பளபளப்புக்குக் கீழே சாம்பல் நிறம். நான் அளந்தது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய நிக்கலையும் செம்பையும். உடைந்த பக்கத்தை அளந்தேன். இரும்பின் முகடு, டிஸ்ப்ரோசியம் எழ வேண்டிய இடத்தையே மூடி நின்றது.

ரிப்போர்ட்டைத் திருத்தலாம் என்றேன். "குடுத்தத வாபஸ் வாங்குனா எவன்பா ஜரிகையோட வருவான்?" என்றார் முதலாளி.

நானே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்போ இருக்குதா?"

"தெரியலக்கா."

"அன்னிக்கும் இதத்தானே எழுதியிருக்கணும்?"

மிஷின் காட்டாததும் பொருளில் இல்லாததும் ஒன்றல்ல. அதை நான் கற்றுக்கொண்ட செலவு அவருடையது.

உடைந்த காந்தம் என்னிடம் இருக்கிறது. சென்னையில் நான் படித்த கல்லூரி லேபில், கரைத்த பொருளில் துளி உலோகத்தையும் பிரித்துக் காட்டும் ஐசிபி மிஷினுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த முறை பூச்சைச் சுரண்டி, பொடித்து, அமிலத்தில் கரைத்துப் பார்ப்பேன். வருவது எதுவானாலும், என் பழைய தாளோடு சேர்த்து அக்காவின் ஓனர் மேஜையில் வைப்பேன்.