எல்லாமே கெப்பிட்டலில்

போன மாதம் கல்முனையில் ஒரு கார்டு அடிக்கும் கடையில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், நவாஸ் மச்சான் மகளின் கல்யாணக் கார்டுக்கு என்னைத் துணைக்கு அழைத்திருந்தார். எனக்கு என்ன வேலை? தேநீர் குடிப்பதும் தலையாட்டுவதும்தான்.

மச்சானுக்குப் பிடித்தது வளைந்து நெளிந்த ஓர் ஆங்கில எழுத்து. அதுவும் முழுக்க முழுக்கக் கெப்பிட்டலில், பெரிய எழுத்துகளிலேயே, வர வேண்டும். தமிழே வேண்டாமாம் — தமிழில் ஏது கெப்பிட்டல்?

டிசைன் செய்யும் ரினோசா பொறுமைசாலி. இந்த எழுத்தில் முதலாவது மட்டும்தான் பெரிதாக இருக்கலாம், எல்லாம் பெரிதானால் ஒன்றோடொன்று சிக்கிவிடும் என்று இரண்டு மாதிரி எடுத்துக் காட்டினார். மச்சான் அசையவில்லை.

வெளியே வந்ததும்தான் விஷயம் விளங்கியது. அட்டாளைச்சேனையில் இருக்கும் தம்பி ஜவ்பரோடு மச்சானுக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் பக்கம் சொந்தக்காரரை வீட்டுக்குப் போய் வாயால் அழைக்க வேண்டும். வெறும் கார்டு வந்தால் ‘வராதே’ என்றுதான் அர்த்தம். தம்பி இல்லாமல் மகளின் கல்யாணமா? அது மச்சானுக்குத் தாங்காது. தம்பி வீட்டுப் படியேறவோ, கௌரவம் விடாது.

“பெரிசாப் போட்டு அனுப்பினா, மதிச்சிருக்கன் எண்டு விளங்கும்தானே” என்றார்.

எழுத்து பெரிதானால் மரியாதையும் பெரிதாகுமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு சபையில் எல்லோருமே உரத்துக் கதைத்தால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? ஆனாலும் தலையாட்டி வைத்தேன். மச்சான் அல்லவா...

மச்சான் கேட்டபடியே அடித்த கார்டு ஜவ்பருக்குத் தபாலில் போனது. நான்காம் நாள் நான் பக்கத்தில் இருந்தபோது மச்சானின் போன் அடித்தது. ஜவ்பர். மச்சான் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபடியே இருந்தார். நான்தான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

“காக்கா, கார்டு வந்திச்சி. ஒரு எழுத்தும் விளங்கல்ல. எப்ப கல்யாணம்?”

மச்சான் திகதியைச் சொன்னார். மண்டபத்தைச் சொன்னார். மாப்பிள்ளையின் தொழில், குடும்பம் என்று பேச்சு நீண்டது. கடைசியில் மச்சான் சொன்னார்:

“நாளைக்கு ஊட்டுல இரு. கூப்பிட வாறன்.”

ரினோசா சொன்னபடி அடித்திருந்தால், கேட்பதற்கு ஒரு கேள்வியும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று... ஜவ்பர் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது இங்கிலீஷ்!