விழுந்துவிடும் என்று அப்பா எழுதிய கட்டடம்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மலர் போடுவது என்று முடிவானதும் பெரியப்பா போன் செய்து, "உங்கப்பன் வாழ்நாள்ல ஒரு பொய் சொன்னது கிடையாது, அத மறக்காம எழுதும்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அப்பா ஒரு பொய் சொன்னார். அதே பொய்யை வருடா வருடம் சொன்னார். அதை எழுதிக் கொடுத்தவள் நான்.

கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் பயிரிட்ட குடும்பத்தில் அப்பா பிறந்தார். தொடர்ந்து மழை இல்லாமல் போனபோது படிப்பை நிறுத்திவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனார். கொத்து வேலை கற்று, ரயில்வேயில் கலாசி என்னும் கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்து, பிறகு கட்டடங்களைப் பழுது பார்க்கும் மேஸ்திரி ஆனார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் ஸ்டேஷன் அவர் பொறுப்புக்கு வந்தது. நானும் தம்பியும் அங்கே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம்.

அந்தப் பழைய ஸ்டேஷனை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மீட்டர் கேஜ் பாதை போட்டபோது எழுப்பியது. சுவர் இரண்டடி கனம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் கட்டிய செங்கல். கூரையில் தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தித் தளம் போட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தைப் பார்த்து மூன்று வளைவுகள். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஒரு கருங்கல். அந்த நடுக்கல் இறுகி நிற்பதால்தான் வளைவு நிற்கிறது என்று அப்பா வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வார். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலின் மரப்பலகை, கை பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தது. கரி வண்டி போய் டீசல் வந்தது, மல்லாட்டை மூட்டைகள் லாரிக்கு மாறின. சித்திரை வெயிலில் ரயிலுக்குப் போகாதவர்கள்கூட உள்ளே வந்து உட்காருவார்கள். அத்தனை குளிர்ச்சி.

அப்பாவின் பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சுவரில் சிமெண்ட் வைக்கக் கூடாது. "சுண்ணாம்புச் சொவுரு மூச்சு வுடும்மா. சிமெண்ட்ட அப்பினா உள்ளயே ஈரம் கட்டிக்கினு செத்துப் பூடும்" என்பார். சிமெண்ட் கேட்டால் கிடைக்கும். சுண்ணாம்பு கேட்டால் எதற்கு, ஏன் என்று காகிதம் திரும்பி வரும். சிறு பழுது என்று எழுதினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது, என்னுடையது முத்து முத்தாக இருக்கும். முதல் கடிதத்தில் "லேசான விரிசல்" என்று சொன்னார். சுண்ணாம்பு வரவில்லை. அடுத்ததில், "வளைவு எந்நேரமும் இடிந்து பயணிகள் தலைமேல் விழும் அபாயம் உள்ளது" என்று நானே ஒரு வரி சேர்த்தேன். படித்துக் காட்டியதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பத்தே நாளில் சுண்ணாம்பு வந்து இறங்கியது. அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை அந்த வரிதான். நான் கல்யாணமாகிக் கோலியனூருக்குப் போன பிறகும், மழை விட்டதும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.

அகல ரயில் பாதை வந்தது. புது ஸ்டேஷன் வந்தது. பழையதைப் பூட்டினார்கள். அதை நூலகமாக்கித் தாருங்கள் என்று ஊரார் மனுக் கொடுத்தபோது, அப்பா அந்தக் கட்டடம் தப்பித்துவிட்டது என்றே நம்பினார். பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்த இளம் இன்ஜினியர் ஒருவர், அது இடிந்து விழும் கட்டடம், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. காகிதம் முழுக்க எங்கள் கடிதங்கள்.

அப்பாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுந்து நின்று அப்பாவுக்கு நாற்காலி போட்டார். அப்பா, "சுண்ணாம்பு வாங்குறதுக்காவ எழுதினது சார் அது. நெசம் கெடையாது. அந்தச் சொவுரு பாறை மாதிரி இருக்குது" என்றார். இன்ஜினியர் அந்தக் கடிதங்களை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "அத்தினி வருசமும் நீங்களே எழுதியிருக்கீங்களே ஐயா. நாளைக்கு ஒருத்தர் தலைல விழுந்தா நான் இன்னா பதில் சொல்றது? எழுதினதெல்லாம் பொய்னு ஒரு லெட்டர் குடுங்க, மேல அனுப்பறேன்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "எழுதும்மா" என்றார்.

நான் எழுதவில்லை. பொய் எழுதினேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டால் பென்ஷனுக்கு வில்லங்கம் வருமோ, விசாரணை வைப்பார்களோ என்று பயந்தேன். "வேணாம்பா, வீட்ல பேசிக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டேன். வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

கட்டடத்தை இடிக்க மூன்று நாள் போதும் என்று வந்தவர்களுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அப்பா தினமும் காலையில் குடையோடு போய் எதிரில் உட்கார்ந்துவிடுவார். அம்மா சாப்பாட்டை, அந்த நாட்களில் வந்து தங்கியிருந்த என்னிடம் கொடுத்தனுப்புவார். கூரை போனது, பக்கச் சுவர்கள் போயின. நடு வளைவு மட்டும் விழ மறுத்தது. இயந்திரத்தின் பல் உடைந்து வேறு பல் மாட்டினார்கள். கடைசி நாள் மத்தியானம் இயந்திரத்தை ஓட்டியவர் இறங்கி வந்து, அப்பாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பெரியவரே, மலையாட்டம் நிக்குது. இதப் போயி வுழுந்துடும்னு எவன் எழுதினான்?" என்று கேட்டார்.

"நான்தாம்பா" என்றார் அப்பா.

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நடுக்கல் கீழே வந்தது. அதன் பிறகு அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. டாக்டர்கள் இதயம் என்றார்கள், சிறுநீரகம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மையாக இருக்கலாம்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், கண்ணைத் திறந்து என்னைப் பேப்பர் எடுக்கச் சொன்னார். "அப்பா, கட்டடம் இல்லப்பா" என்றேன். "தெரியும், எழுதும்மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்தபோது தூங்கிவிட்டார். காலையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைத்தேன். காலையில் அப்பா இல்லை. இரண்டாவது தடவையும் தாமதம் செய்தவள் நான்தான்.

அந்த வார்டில் அப்பாவைத் தன் தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர் தங்கைக்கும், ரத்தம் கொடுத்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்களோடு இருந்த உறவினர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் மாறி மாறி வந்து படுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெரியப்பா என்னை மன்னிக்க வேண்டும். அவர் கேட்ட வரிக்குப் பதிலாக, அப்பா கடைசியாகச் சொல்லி நான் எழுதியதை, கையெழுத்து இல்லாமலே இங்கே அச்சிட்டிருக்கிறேன்.

"ஐயா, இந்த ஸ்டேஷன் கட்டடம் பற்றி நான் இதுவரை கொடுத்த கடிதங்கள் எதுவும் உண்மை இல்லை. மூன்று வளைவுகளையும் இன்று தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பயணிகள் பயமில்லாமல் உள்ளே வந்து உட்காரலாம்."