சாப்பிட்ட பிறகு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

செகந்திராபாத்தின் போலாரம் பேருந்து நிறுத்தத்தில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. எதிரேயுள்ள கட்டடத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் வெண்மூட்டத்தில் மிதப்பனபோல் தோன்றுகின்றன. விழுப்புரத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தாய், மலேரியாவால் நடுங்கும் மகளை மடியில் கிடத்தியிருக்கிறாள். எலும்பு தெரிய மெலிந்த அச்சிறுமி, கண்மூடியபடியே யாரையோ கண்டு புன்னகைக்கிறாள்.

செகந்திராபாத் தமிழரான சுகாதாரப் பணியாளர் எஸ்தர், நேற்றுத் தாம் கொடுத்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்கிறார். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"கைக்கு குடுக்கல? ஏம்மா?"

"சாப்பிட்ட பிறகுதான் குடுக்கணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"ஹவ், சொன்னேன்."

"நேத்து வெறும் டீதான் குடிச்சா. டீ சாப்பாட்டுல சேருமாக்கா?"

எஸ்தர் தம் உணவுப் பெட்டியைத் திறக்கிறார்.

"ஐயோ, உங்க சாப்பாடுக்கா!"

"பேச நக்கோ. ஊட்டு."

அரை இட்லி உள்ளே செல்கிறது. அதன் பின்னரே முதல் மாத்திரை.

"அட்டையில இன்னும் இவ்வளவு இருக்கேக்கா..."

"இப்போ ஆஸ்பத்திரிக்கு நடம்மா. சாப்பாட்டு டப்பா உங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு வேற டப்பா கொண்டாறேன்."

இக்குறிப்பை, மாத்திரை வழங்கும் துறையினராகிய தாங்கள் பத்திரப்படுத்தி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.