ஸ்டோர்ஸ் அக்கா வேண்டாம் என்ற விளக்குகள்

ஸ்டோர்ஸ் அறையின் விளக்கை அணைத்து, கதவையும் சாத்திக்கொண்டு, நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டியபடி அந்த அக்கா ரேக்குகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு நேரம். மலையேற்றத்துக்காக நான் வாங்கிவந்திருந்த ஹெட் டார்ச்சுகளில் ஒன்றைத்தான் அவர் சோதித்துக்கொண்டிருந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மாடு மாதிரித் தலையை ஆட்டிப் பார்த்தார். விளக்கு நெற்றியிலிருந்து வழுக்கி மூக்குக்கு வந்தது. வாளித் தண்ணீரில் விரலை நனைத்து, ஈரக் கையால் பொத்தானை நாலைந்து தடவை அமுக்கினார். பிறகு கதவைத் திறந்துவந்து என் மேஜைமேல் வைத்தார். யாரும் அவரைச் சோதிக்கச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மும்பையில், செம்பூரில் மின்சாரப் பேனல்கள் செய்கிற சிறிய கம்பெனி அது. நான் பர்ச்சேஸ், அவர் ஸ்டோர்ஸ். நான் வாங்கிப்போடும் எந்தச் சரக்கும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். பதினான்கு வருடம் இப்படித்தான். இன்சுலேஷன் டேப்பை விரலில் சுற்றி இழுத்துப் பார்ப்பார், கையுறையைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார், ஸ்க்ரூவைப் பல்லில் கூடக் கடித்துப் பார்ப்பாரோ என்று நாங்கள் கேலி செய்வோம். பிடிக்கவில்லையென்றால் சத்தமே போடமாட்டார். பெட்டிமேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு என் அறை வாசலில் வைத்துவிடுவார். போகிற வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இருவருமே தாராவியில் திருநெல்வேலிக் குடும்பங்களில் பிறந்தவர்கள், அவர் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், அதனால் அக்கா. அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் ஒன்றும் இருந்ததில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். கம்பெனியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மழைக்காலத்தில் கர்ஜத் பக்கம் கோட்டைகளுக்கு ஏறப் போவோம். தலைவன் நான், குரல் பெரிதாக இருந்ததைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், சாதாரண கான்வாஸ் ஷூவும் பழைய சல்வாருமாக, இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு முன்னால் அக்கா ஏறிக்கொண்டிருப்பார். கணவர் போய்ப் பல வருடம். காட்கோபரில் ஒரு அறை வீட்டில் ஒற்றை மகனை வளர்த்து, படிக்கவைத்து, அணுசக்தி நகரில் வேலைக்கு அனுப்பியிருந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் எங்களிடமிருந்து தள்ளி ஒரு பாறையில் கால் மணி நேரம் தனியாக உட்காருவார். அப்போது யார் பேசினாலும் பதில் வராது. இறங்கும்போது ஒரு தடவை சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மேல ஏறி உக்காந்தாத்தான் திங்கக்கிழமை ஒங்க மூஞ்சியெல்லாம் பாக்க முடியுது."

அந்த வருடம் சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்துப் புறப்பட்டு, சாயங்காலம் ஏறி, மேலே கோயிலில் தங்கி, விடிவதைப் பார்த்து இறங்குவது என்று முடிவு செய்தோம். அதற்குத்தான் விளக்குகள். தேர்ந்தெடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வாங்குவது என் தொழில் அல்லவா. நாலு நாள் போனில் படித்துத் தள்ளினேன். எது அதிக லூமென் வெளிச்சம் தரும், எது அதிக தூரம் அடிக்கும் என்று மட்டும்தான் படித்தேன் என்பது இப்போது தெரிகிறது. சார்ஜ் போட்டுக்கொள்கிற ஏழு விளக்குகள் வாங்கினேன். முகத்துக்கு நேரே எரியவிட்டால் கண் கூசும். அக்கா மட்டும் தன்னிடம் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார். அவருடையது மூன்று சின்ன பென்சில் செல் போடுகிற பழைய விளக்கு, மஞ்சளாக எரியும்.

அன்று என் மேஜைமேல் விளக்கை வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பட்டன் ஏக்தம் மெத்துன்னு இருக்கு தம்பி. பூட்டும் கெடையாது. பையில கெடக்கும்போதே அமுங்கி எரிஞ்சு தீந்துரும். செல் போடுத மாதிரி பாத்து வாங்கு. ஒத்தச் செல்லத் திருப்பிப் போட்டு வச்சேன்னா எங்க அமுங்குனாலும் எரியாது." எங்கள் ஸ்டோர்ஸில் எல்லா டார்ச்சும் அப்படித்தான் இருக்கும், ஒரு செல் தலைகீழாக. எனக்கு அது தெரியும். தெரிந்தும், சுற்றி நாலு பேர் டிபன் டப்பாவோடு நிற்கிறார்கள் என்பதற்காக, "இது கம்பெனி சரக்கில்லக்கா, ஒங்க கையெழுத்து வேண்டாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பதினான்கு வருடப் பெருக்கல் குறிகளுக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டதாக எனக்கு அன்று பூரிப்பு. அக்காவும் லேசாகச் சிரித்தார், போய்விட்டார்.

சனிக்கிழமை குர்லாவில் கர்ஜத் லோக்கல் ரயில் பிடித்தோம். அரை நாள் முடிந்து வீடு திரும்புகிற கூட்டம். ஏழு விளக்குகளையும் முழுக்கச் சார்ஜ் போட்டு என் பையிலேயே வைத்திருந்தேன், மலையடிவாரத்தில் நானே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இந்த ஊரில் ரயிலேறுகிற எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பையைக் கழற்றி முன்பக்கம், நெஞ்சோடு மாட்டிக்கொண்டேன். தாணே வரும் முன்பே மூச்சு விட இடமில்லை. எதிரே நின்றவரின் முதுகு என் பையை அமுக்க, பின்னால் நின்றவர் என்னை அமுக்க, கல்யாண் தாண்டும்வரை அப்படியே போனோம். பை சற்றுச் சூடாக இருப்பதாகக்கூடத் தோன்றியது. கூட்டத்தில் எதுதான் சூடாக இல்லை என்று விட்டுவிட்டேன்.

அடிவாரம் சேரும்போது நல்ல வெளிச்சம் இருந்தது, மழை வலுத்திருந்தது. பையைத் திறந்தால் எல்லாம் நனைந்துவிடும், இருட்டட்டும் என்று விளக்குகளைக் கொடுக்காமலே ஏறத் தொடங்கினோம். முக்கால்வாசி ஏறியபோது மேகம் இறங்கி, ஆறே முக்காலுக்கே முன்னால் போகிறவர் தெரியவில்லை. ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கிப் பையைத் திறந்தேன். உள்ளே துணிகளுக்கு இடையில் ஒரு விளக்கு சாகப்போகிற மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மற்ற ஆறில் இரண்டு, அமுக்கினால் மின்மினி போல் கண்ணைச் சிமிட்டின. நாலு செத்தே போயிருந்தன. அக்கா என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். பைக்குள் எரிந்ததை அவர் பார்த்தார், அவர் பார்த்ததை நான் பார்த்தேன். மற்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "மழைத்தண்ணி உள்ள போயிருச்சு, சரக்கு சரியில்ல" என்றேன். அக்கா தன் விளக்கைக் கழற்றி, திருப்பிப் போட்டிருந்த செல்லைச் சரியாகப் போட்டு, எரியவைத்து என்னிடம் நீட்டினார். முன்னால் போகிறவன் தலையில் நல்ல விளக்கு இருக்கட்டும், தனக்குக் கால் பழகியிருக்கிறது என்றார். நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

இறங்கிவிடலாம் என்று தீர்மானித்துத் திரும்பினோம். மழைக்குப் பயந்து போன்களைப் பொதிந்து வைத்திருந்தவர்கள் ஒன்றிரண்டை வெளியே எடுத்தார்கள், அவையும் நனைந்து சரியாக எரியவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கடைசி ஆள் அக்கா. இருட்டு எங்கே கெட்டியாக இருந்ததோ அங்கே அவர் இருந்தார். நான் என் காலடியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன், ஒரு தடவைகூடத் திரும்பி வெளிச்சம் காட்டவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டி அவர் சாய்ந்த சத்தம் கேட்டபோதுதான் திரும்பினேன். அவர் கத்தவில்லை. "எல்லாரும் நில்லுங்க, யாரும் ஓடி வராதீங்க" என்றார். அப்போதும் மற்றவர்கள் விழுந்துவிடக்கூடாதே என்றுதான். எங்கள் கூச்சல் கேட்டு அடிவாரக் கிராமத்து ஆட்கள் நாலு பேர் பெட்ரோமாக்ஸோடு ஏறிவந்து போர்வையில் தூக்கிக் கொண்டுபோனார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மகன் என்னிடம் வந்தான். அம்மா எப்படி விழுந்தார்கள் என்று கேட்டான். அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை, குரலில் சண்டையும் இல்லை. நான் சொன்னேன்: "லைட்டெல்லாம் இருந்துச்சுப்பா, வெளிச்சத்துக்குக் கொறையில்ல. வயசாகுதுல்ல, பேலன்ஸ் போயிருச்சு." யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் வாயில் தயாராக இருந்தது. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யார் வந்தபோதும் அவன் எதுவும் கேட்கவில்லை.

சொன்ன வார்த்தை கால் முளைத்து நடந்தது. கேன்டீனில் எல்லாரும், இருட்டில் கூட இறங்கியவர்கள்கூட, வயசைத்தான் சொன்னார்கள். இந்த வயதில் மலையெல்லாம் தேவையா என்றார்கள். ஐம்பது தாண்டியவர்கள் இனி மலையேற வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்ல, நானே அதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மகன் அவரை அணுசக்தி நகரில் இருந்த தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கால் கூடியதும் வேலைக்கு வருவேன் என்று அக்கா இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை மகன்தான் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தான். லோக்கலில் ஏறக்கூடாது, படியிறங்கிக் கடைக்குப் போகக்கூடாது, காலையில் நடக்கக்கூடாது, பேலன்ஸ் இல்லாதவர் எங்காவது விழுந்து வைத்தால் என்ன செய்வது என்றான். கெட்ட பிள்ளை அல்ல. அம்மாவுக்கு வேலை வைக்கக்கூடாது என்று தண்ணீர்கூடக் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவன். புது ஸ்டோர்ஸ் ஆள் நான் வாங்கியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

எட்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் காலேஜில் படிக்கும் என் மகள், சிநேகிதிகளோடு மலையேறப் போகிறேன், ஹெட் டார்ச் வாங்கவேண்டும், எது நல்லது என்று போனை நீட்டினாள். அதிக லூமென் எது என்று அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மடமடவென்று சொல்ல ஆரம்பித்தேன். தலையில் கட்டித் தலையை ஆட்டிப் பார், வழுக்கக்கூடாது. ஈரக் கையால் அமுக்கிப் பார். பொத்தான் கெட்டியாக இருக்கவேண்டும், பூட்டு இருக்கவேண்டும், இல்லையென்றால் செல் போடுவதாக வாங்கி ஒன்றைத் திருப்பிப் போட்டு வை. ரயிலில் பையை நெஞ்சோடு மாட்டினால் விளக்கைப் பைக்குள் வைக்காதே. அவள் ஆச்சரியமாகப் பார்த்து, "உங்களுக்கு இவ்ளோ எப்படிப்பா தெரியும்? யார் சொன்னாங்க?" என்றாள்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணுசக்தி நகர் வாசலில் பெயரெழுதி உள்ளே போனேன்.

அக்கா பால்கனியில் நாற்காலியில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். எதிரிலேயே ஒரு குன்று பச்சையாக நின்றது. எட்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்குகள் தண்ணீரால் கெடவில்லை, ரயிலில் அமுங்கித்தான் தீர்ந்தன என்று சொன்னேன். "அது தெரியும்லா. பையில எரிஞ்சத நானுந்தான பாத்தேன்" என்றார். அப்படியென்றால் எல்லார் முன்னாலும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு உள்ளே கையைக் காட்டி, "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அவங்கிட்டச் சொல்லு" என்றார்.

கூடத்தில் இருந்த மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், பை, அக்காவின் விளக்கு என் தலையில் இருந்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்காதது, வராந்தாவில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவன் கேட்டு முடித்து, "அம்மா அன்னிக்கே சொன்னாங்க அங்கிள். லைட்டக் குடுத்துட்டேன், இருட்டுல கால வச்சேன்னு. அதான் உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க லைட் இருந்துச்சுன்னீங்க. அம்மா மலைய விட மனசில்லாம சாக்கு சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன்" என்றான்.

அந்த வராந்தாவில் அவன் என் பதிலுக்குப் பிறகு ஏன் அப்படி நின்று பார்த்தான் என்று எனக்கு எட்டு வருடம் கழித்துத்தான் விளங்கியது. இனியாவது அவரை வெளியே விடலாமே, எதிர்க் குன்றடிவரைக்கும் நானே கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன். அவன் எழுந்து பால்கனிக்குப் போய், எழுந்திரும்மா என்று மெதுவாகச் சொன்னான். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கம்பியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு முழங்காலும் வெடவெடவென்று ஆடின. ஒரு அடி வைக்கப் பார்த்து, சாய்ந்து, அவன் தாங்கிப் பிடிக்க மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்போ நிஜமாவே பேலன்ஸ் இல்ல, அங்கிள்" என்றான் மகன்.

நான் அன்று சொன்ன அதே வார்த்தை. இந்த முறை அது பொய்யில்லை.