தரையில் கிடந்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு எங்கள் கோவிலில் வேறொரு பெயர் உண்டு: பேழைக் காவல். நற்கருணைப் பேழைக்குள் இருக்கும் ஆண்டவருக்குக் காவல் வேண்டும் என்று தானே முடிவுசெய்து, தானே வேலையில் சேர்ந்துகொண்டவர். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க நிற்பவர்களின் நகத்தைக்கூட உற்றுப் பார்ப்பார். ஒருமுறை பேருந்து மெக்கானிக் ஒருவர் கை நீட்டியபோது, "இந்த மசிக் கையிலயா ஆண்டவரை வாங்குவே?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு கடைசி பெஞ்சை விட்டு எழுந்ததில்லை.

அவர் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பிலும் அதே பேச்சுதான். "பார்த்தா அப்பம், ஆனா அப்பம் இல்ல. சாட்சாத் ஆண்டவர். ஒரு துணுக்கு விழுந்தாலும் அதுல முழுசா இருக்கார்." சொன்னதில் பிழையில்லை, திருச்சபை சொல்வதும் அதுதான். ஆனால் அந்த உண்மை அவர் வாயில் வாடகைக்குத்தான் குடியிருந்தது.

பங்குத்தந்தைக்கு மூட்டுவலி. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பொறுப்பை இவரிடம் விட்டார். அன்றிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் நற்கருணைச் சிமிழ், யார் வணக்கம் சொன்னாலும் பதில் கிடையாது.

இவருடைய அக்கா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். தாயில்லாத இவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவள் மகள் என்னோடு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், கோவில் பக்கமே வராதவள். அம்மாவுக்காகப் பலமுறை கூப்பிட்டு அனுப்பிய பிறகுதான், ஒரு ஞாயிறு மாமா வந்தார். நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அறையில் மூத்திர வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டே ஜெபத்தை ஓட்டி முடித்து, அக்காவின் நாக்கில் நற்கருணையை வைத்தார். அவளுக்குப் புரையேறியது. இருமலில் சளியோடு சேர்ந்து அது அவர் சட்டைக்கையில் வந்து ஒட்டிக்கொண்டது.

"ச்சீ!" என்று உதறினார். அது கட்டிலடியில், மூத்திரச் சட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவரோ நேரே குழாயடிக்கு ஓடிச் சட்டைக்கு சோப்புப் போட்டார்.

மகள் கேட்டாள்: "மாமா, இப்ப கீழ கிடக்கிறது யாரு?"

"எச்சில் பட்டுடுச்சும்மா. கூட்டித் தள்ளிடு."

"ஆண்டவரையா?"

அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அக்கா நல்ல கையை ஊன்றி, கட்டிலை விட்டுப் பாதி சரிந்துவிட்டாள். "எடு... எடு..." வேறு சொல் வரவில்லை. நம்பிக்கையில்லாத மகள்தான் குனிந்து எடுத்தாள். அம்மா வாயைத் திறந்தாள். உள்ளே வைத்து, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டாள். விழுங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ அருவருப்பில் செய்துவிட்டார் என்று மன்னித்திருக்கலாம். அடுத்த வகுப்பில் அதையே கதையாகச் சொன்னார். கதையில் முழந்தாளிட்டு, தரையிலிருந்து நாக்காலேயே எடுத்து உட்கொண்டவர் அவர்! கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி சிமிழோடு போனார். அக்கா உதட்டை இறுக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆண்டவரையே வேணாங்கறியாக்கா?"

"அம்மா ஆண்டவரை வேணாங்கல மாமா," என்றாள் மகள். "கொண்டுவந்த ஆளைத்தான்."

அன்று மாலையே அவள் பங்குத்தந்தையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கடைக்காரரிடமிருந்து சிமிழைத் திருப்பி வாங்கிக்கொண்டார்; சேதி பங்கு முழுக்கப் பரவியது. பிறகு வாரந்தோறும் கைப்பிடியைப் பற்றி, மூட்டுவலியில் முனகிக்கொண்டே பங்குத்தந்தையே அக்கா வீட்டு மாடி ஏறினார். நற்கருணையைச் சிறு துண்டாக்கி, தண்ணீரோடு கரண்டியில் ஊட்டினார். அவரிடம் அக்கா ஒருநாளும் உதட்டை இறுக்கவில்லை.

அவள் அடக்கப் பூசையில் எல்லாரையும்விட உரக்க அழுதவர் கண்ணாடிக் கடைக்காரர்தான். பக்கத்திலிருந்தவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.